ஓவேலியின் ‘ஓ’வும் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூர் வட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நீலகிரியில் குடியேறிய ஐரோப்பியக் குடும்பங்களின் வரலாறு நம்மிடையே எழுதப்படும் முறை குறித்து நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் ஒரு கருத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கோடைக் காலத்தில் உதகையைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஜான் சல்லிவனோடு தொடங்கிச் சல்லிவனோடு முடிந்துவிடுகின்றன. அவரைத் தவிர வேறு குடும்பங்களும் இம்மலைக்கு வந்தன, நிலம் பெற்றன, பிள்ளைகளைப் பெற்றன, இங்கேயே மாண்டன என்பதை அக்கட்டுரைகளைப் படிப்பவர் அறிய வழியில்லை. அந்தக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் வேலையை அயல்நாட்டிலுள்ள வாரிசுகளிடமே நாம் விட்டுவிட்டோம். அதனால் இழப்பு நமக்கும் உண்டு என்பதே நான் சொல்ல வந்தது.

சல்லிவனைப் பற்றி எழுதுவது தவறன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819 ஜனவரியில் இம்மலை மீது ஏறினார். கோத்தகிரியை அடுத்த கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. உதகையில் அவர் எழுப்பிய வீட்டை மலைமக்கள் ‘கல் பங்களா’ என்று அழைத்தார்கள். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. 1855-இல் மறைந்த சல்லிவனின் உடல் இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை ஒட்டிய அப்டன் என்னும் ஊரில், புனித லாரன்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல் அடங்கியிருப்பதும் அதே தேவாலயத்தில்தான். சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகளும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். கணவரின் கல்லறை ஒரு தேசத்திலும் மனைவி, மகளின் கல்லறை இன்னொரு தேசத்திலுமாக ஒரே குடும்பம் பிரிந்து கிடப்பதைக் காணும்போது, குடியேறியவர்களின் வரலாற்றைத் தேடுவோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். லண்டனில் அமர்ந்து தேடுபவருக்குக் கிடைப்பது பாதி. மீதிப் பாதி நம்மிடம்தான் இருக்கிறது.

என்னை இத்தேடலில் இழுத்துவிட்டது ஒரு மாணவியின் கேள்வி. இடப்பெயர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், கூடலூரை அடுத்த ஓவேலி என்னும் ஊரைச் சுட்டி, ‘ஐயா, ஓவேலியில் வேலி இருக்கிறது, ஓ எதற்கு?’ என்று அவள் கேட்டாள். தஞ்சைப் பகுதியில் வேலி என்பது ஒரு நில அளவை, அதுபோல் இங்கும் இருந்திருக்கலாம் என்று நான் விடை சொன்னேன். அந்த விடை முற்றிலும் தவறானது. ஓவேலியில் உள்ள ‘வேலி’ தமிழ்ச் சொல்லே அன்று. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ‘வேலி’ என்னும் ஆங்கிலச் சொல் அது. ‘ஓ’ என்பது ஆக்டர்லோனி என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் எழுத்து. ஆக்டர்லோனி வேலி என்று நிலவரைபடங்களில் நீண்டு கிடந்த பெயர் மக்கள் நாவில் தேய்ந்து ஓவேலி ஆகி, இன்று ஒரு பேரூராட்சியின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. அந்தப் பேரூராட்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பாடம் சொன்ன எனக்கும் அது தெரியாமல் இருந்தது என்பதை வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜான் ஆக்டர்லோனி சென்னை மாகாணப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர்; 1847-இல் நீலகிரியை அளந்து விரிவான அறிக்கை தந்தவர். அவருடைய சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி. கூடலூருக்குத் தெற்கே, நீலகிரிச் சரிவுகளுக்கு அடியில் அடர்காடாகக் கிடந்த இப்பள்ளத்தாக்கில் 1840-களின் நடுவில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியவர் அவரே. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்னும் மலபார் அரச குடும்பத்துக்கு உரியது. கோவிலகத்தோடு செய்துகொண்ட ஏற்பாடுகளின் பேரில்தான் காடு தோட்டமாயிற்று. காப்பியைப் பின்னர் இலைத்துரு நோய் அழித்தது. காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா மரம் வந்தது, அதன்பின் தேயிலை வந்தது. இவை நூல்களில் உள்ள செய்திகள். ஆனால் அக்குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் நூல்களில் மட்டுமல்லாமல் எங்கள் ஊர்ப் பெயர்களிலும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாள்தோறும் கூப்பிடப்பட்ட பெயர்கள் அவை.

ஓவேலியில் உள்ள பழைய எஸ்டேட்டுகளில் கெல்லி, கிண்ட், பால்மேடிஸ் என்று மூன்று உண்டு. ஸ்காட்லாந்தின் வரைபடத்தை விரித்து, வடகடல் ஓரமாக உள்ள ஆங்கஸ் மாவட்டத்தைப் பார்த்தால், அந்த மூன்று பெயர்களும் அங்கே ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதைக் காணலாம். ஆர்புரோத் நகருக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டை 17-ஆம் நூற்றாண்டு வரை ஆக்டர்லோனிகளின் வசம் இருந்தது. அதன்பின் அக்குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கியது கிண்ட் பண்ணை. கிண்ட் பண்ணையைச் சேர்ந்த ஜான் ஆக்டர்லோனி என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் தம் மாவட்டத்தைப் பற்றி எழுதிய விவரணம் இன்றும் கிடைக்கிறது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் அதே பெயர் கொண்ட ஒருவர் நீலகிரியைப் பற்றி அறிக்கை எழுதினார். தமக்கு உரிமையான இடத்தின் பெயரைப் புதிய இடத்துக்குச் சூட்டிக்கொள்வது எல்லாக் குடியேறிகளும் செய்வதுதான். நம்மவர்கள் மலேசியாவிலும் இலங்கையிலும் அதையே செய்தார்கள். ஆனால் தங்கள் நாவில் அன்றாடம் புழங்கும் கெல்லியும் கிண்டும் கடல் கடந்த ஒரு குடும்பத்தின் பூர்விக இடங்களின் பெயர்கள் என்பதை அறியாமலே, கங்காணிகளும் மேஸ்திரிகளும் கொழுந்தெடுக்கும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஓர் எஸ்டேட் பெயர்ப்பலகையைப் புதுப்பெயருக்கு மாற்றும்போது அழிவது ஒரு வெள்ளைக்காரப் பெயர் மட்டுமன்று, ஒரு சான்றும்தான். பெயர் மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முன் பழைய பெயரைப் பதிந்து வைக்க வேண்டும் என்கிறேன்.

பெயரை வைத்துத் தேடுவதில் இடறி விழும் இடங்களும் உண்டு. இக்குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் ஓ-யூ என்று தொடங்கி எழுதியவர்களும், யூ இல்லாமல் வெறும் ஓ-வில் தொடங்கியவர்களும், ஏ-யூ என்று தொடங்கியவர்களும் உண்டு. ஒரே ஆளின் பெயரே ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் அடுத்த ஆவணத்தில் வேறு விதமாகவும் காணப்படும். எனவே ஓர் எழுத்தமைப்பில் மட்டும் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. டெல்லியில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த சர் டேவிட் ஆக்டர்லோனி பெயரளவில் பலருக்கு அறிமுகமானவர். கொல்கத்தாவில் அவர் நினைவாக எழுந்த தூண்தான் இன்று ஷாஹித் மினார் என வழங்குகிறது. அவரையும் ஓவேலிக்காரர்களையும் ஒரே குடும்பமாகக் கருதிப் பேசுவோரை நான் கண்டிருக்கிறேன். சர் டேவிட் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1758-இல் பிறந்து, 1825-இல் மீரட்டில் மறைந்தவர். மூதாதையர் ஊர் ஆங்கஸ் பக்கமே என்றாலும், அதை மட்டும் வைத்து ஓவேலியின் சகோதரர்களை அவருடைய வழித்தோன்றல்கள் ஆக்கிவிட முடியாது. நம் ஊரிலும் ஒரே தலைக்கட்டுப் பெயர் கொண்டவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை அல்லவா?

உச்சரிப்பு தரும் தொல்லை இன்னும் பெரிது. சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கிய எம்.டி. காக்பர்ன் என்பவரைப் பற்றித் தமிழில் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்பெயரை ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘கோபர்ன்’ என்றே ஒலிப்பார்கள். எழுத்தில் இருக்கும் இரண்டு மெய்கள் ஒலியில் இல்லை. ஆகவே எழுத்தைப் பார்த்து எழுதியவர் காக்பர்ன் என்றும், காதால் கேட்டவர் கோபர்ன் என்றும் பதிவு செய்திருக்க, ஏற்காட்டின் காக்பர்னும் கோத்தகிரியின் கோபர்னும் வெவ்வேறு குடும்பத்தினர் என்று எண்ணிவிட இடமாகிறது. இருவரும் ஒரே குடும்பத்தினரே. கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் அந்தச் சேலம் கலெக்டரின் மகள்.

அந்த அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1829-இல் சேலத்தில் பிறந்து 1928 வரை, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். 1860-களில் கோத்தகிரிக்கு அருகில் தேயிலைத் தோட்டம் போட்டார். நீலகிரியின் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். அவர் வரைந்த படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளை, பின்னாளில் காங்கிரஸ் பேரியக்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தம் நூல்களில் பயன்படுத்தினார். இவ்வளவு செய்தவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. குடும்ப மரம் வரைகிறவர்கள் தந்தைவழி ஆண் வாரிசுகளின் கிளையையே பிடித்துக்கொண்டு போவதால், அங்கே மார்கரெட் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மட்டுமே கொண்ட ஒரு வரியாக நின்றுவிடுவார். இம்மலையில் வேர் ஊன்றியது அந்தக் குடும்பத்தில் யார் என்று கேட்டால், அவரைத்தான் நான் முதலில் சொல்வேன். குடியேறிகளின் குடும்ப வரலாற்றை இங்கிருந்து எழுதினால் யார் முன்னுக்கு வருவார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவருடைய முழுப்பெயர் மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் காக்பர்ன்; தந்தையின் பெயர் மாண்டேகு டண்டாஸ் காக்பர்ன். நடுவில் வரும் புஷ்பி, லாசெல்ஸ், டண்டாஸ் ஆகிய மூன்றும் குடும்பப் பெயர்களே. தாய்வழி, பாட்டிவழிக் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராகச் சூட்டுவது ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பரவலாக இருந்த வழக்கம். எனவே திருமணப் பதிவு கிடைக்காதபோதும், நடுப்பெயரைப் பிடித்துக்கொண்டு தாயின் குடும்பத்தைத் தேடிப் போகலாம். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் வைப்பதும் அவர்கள் மரபு. இது நமக்குப் புதிதன்று. பாட்டனின் பெயரை உடையவன் ஆதலால்தானே தமிழில் அவன் பெயரன் எனப்பட்டு, பேரன் ஆனான்! ஒரு தமிழ் மாணவனுக்கு இந்த ஒற்றுமையைச் சொல்லிக்கொடுத்தால், ஸ்காட்லாந்துக் குடும்ப மரத்தை அவன் நம்மைவிட விரைவில் படித்துவிடுவான்.

இனி ஆவணங்கள். சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் பதிவான ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதல் உள்ள அந்தப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றுக்கென அங்கே 1998-இல் தோன்றிய சங்கம் ஒன்று, பெயர் அடைவுகளைத் தொகுத்து வருகிறது. தெற்காசியக் கல்லறைகளுக்கென 1976-இல் தொடங்கப்பட்ட அமைப்பும் உண்டு. லண்டனில் அடுக்கப்பட்டிருப்பவை கையால் எழுதிய படிகள். மூலப் பதிவேடுகள் இங்கே உள்ள தேவாலயங்களிலும் திருமண்டில அலுவலகங்களிலும்தான் உள்ளன. படி எடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தால் ஒரு குடும்பமே தொலைந்துபோகும். மூலத்தைப் பார்த்தே அதைத் திருத்த முடியும். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் மட்டுமல்ல, தந்தையின் தொழிலும் இருப்பிடமும் இருக்கும். திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் உறவினர்களாகவோ பக்கத்து எஸ்டேட் துரைமார்களாகவோ இருப்பார்கள். அவர்கள் வழியே அடுத்த குடும்பத்துக்குக் கதவு திறக்கும். கல்லறை வாசகங்களைப் பொறுத்தவரை, சென்னை மாகாணம் முழுமைக்குமாக ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் அரசு வெளியிட்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் வரலாற்றுச் சிறப்புடையவை எனத் தெரிந்தெடுத்தவற்றையே அவர் தந்தார். எஸ்டேட் ஓரத்தில் காய்ச்சலுக்குப் பலியான ஓர் உதவித் துரையின் கல்லறையையோ ஒரு கைக்குழந்தையின் கல்லறையையோ அதில் எதிர்பார்க்க முடியாது.

கூடலூர்ப் பகுதியில் தேடுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தெரியாமல் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். ஓவேலி தொடக்கத்தில் நீலகிரி மாவட்டத்தில் இல்லை. மலபார் மாவட்டத்தில் இருந்த அது 1873-இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. தென்கிழக்கு வயநாட்டின் நம்பாலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு ஆகிய அம்சங்கள் (மலபாரின் வருவாய்ப் பிரிவுகள்) 1877-இல் சேர்ந்தன. நீலகிரியே 1868-இல்தான் தனி நிர்வாகம் பெற்றது. அதற்கு முன் கோயம்புத்தூரோடும், சில காலம் அதன் ஒரு பகுதி மலபாரோடும் இணைந்திருந்தது. ஆகவே ஜேம்ஸ் ஆக்டர்லோனி நிலம் பெற்ற காலத்து வருவாய்த் தாள்களை உதகையில் தேடிப் பயனில்லை. கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்தையும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும்தான் நாட வேண்டும். மாநில எல்லை வந்தபின், ஒரே குடும்பத்தின் தாள்கள் இரண்டு மாநிலங்களில் கிடக்கின்றன.

வெள்ளைக்காரன் வம்சத்தைத் தேடி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஒரு பழைய குத்தகைப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, ‘துரையின் பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் எடுத்துக் காட்டலாம், உங்களுக்கு எதற்கு?’ என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அந்தச் சொல் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. துரையின் குடும்பத் தாள்களில் துரையின் குடும்பம் மட்டுமா இருக்கிறது? நிலத்தைக் கொடுத்த கோவிலகம் இருக்கிறது. அந்த நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பணியர் பழங்குடியினர் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மைசூர்ப் பக்கமிருந்தும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் ஆள் கூட்டி வந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கூடலூர் ஜென்ம நிலங்களை, அதாவது கோவிலகம் போன்றவற்றின் பரம்பரை உரிமை நிலங்களைப் பற்றிய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்தபின்னும், பட்டா இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் ஓவேலியில் இருக்கின்றன. யார் யாருக்கு, எந்த ஆண்டில், எந்த எல்லைக்குள் நிலம் கொடுத்தார் என்ற கேள்வி அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அதற்கான விடையின் முதல் ஏடு, குடியேறிய ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருக்கக்கூடும்.

தாள்களில் இருக்க வேண்டியவர்கள் இல்லாமல் போவதும் உண்டு. ஐரோப்பியருக்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, தந்தையின் பெயரையும் பதவியையும் எழுதிவிட்டுத் தாயின் இடத்தைக் காலியாக விடுவதும், ‘உள்நாட்டுப் பெண்’ என்று மட்டும் எழுதுவதும் அக்காலப் பதிவேடுகளில் வழக்கம். மேலே குறிப்பிட்ட சர் டேவிட் ஆக்டர்லோனியின் பட்டமே, இந்தியாவில் முறையான திருமணமின்றிப் பிறந்த அவருடைய மகனின் மகனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கென அரசரின் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. பட்டம் பெற்றதால் அந்தப் பேரனின் பெயர் எல்லாக் குடும்ப மரங்களிலும் ஏறிவிட்டது. பட்டம் இல்லாத குடும்பங்களில் பிறந்த இத்தகைய பிள்ளைகள், தந்தை எழுதிய உயில் ஒன்றில் சிறு தொகையோடு ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறார்கள். அவர்களின் சந்ததியினர் இன்று நம்மிடையே வாழ்கிறார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களாகவும், தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களாகவும் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து வரும் கொள்ளுப்பேரனுக்கு இருக்கும் அதே உரிமை அவர்களுக்கும் அந்தப் பதிவேட்டின் மீது இருக்கிறது. காலியாக விடப்பட்ட அந்த இடத்தை நிரப்பவல்ல குறிப்பு எங்காவது இருந்தால், அது இங்கேதான், தமிழிலோ மலையாளத்திலோ படகரின் வாய்மொழியிலோ இருக்கும். தந்தைவழியை மட்டும் தொடர்ந்து எழுதப்பட்ட எந்தக் குடும்ப வரலாற்றையும் முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கு வந்த குடும்பம் என்னுடையது. என் பாட்டியின் தகப்பனார் பெயரை எழுதிய தாள் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் உள்ளது; எங்களோடு வந்த குடும்ப அட்டை அது. அதிலும் பெயர் ஆங்கிலத்தில் சிதைந்து, முத்துவா முத்தனா என்று தெரியாதபடி இருக்கிறது. அவருக்கு முந்தியவர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்பதை அறிய வேண்டுமானால், அவர் வேலை செய்த தோட்டத்தின் துரை யார், அவர் குடும்பம் தாள்களை எங்கே விட்டுச் சென்றது என்று தேடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. எங்களைப் போன்றவர்களின் வரலாற்றுக்குப் போகும் பாதை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், துரைமாரின் குடும்ப வரலாற்றின் ஊடாகத்தான் செல்கிறது.

எனவே தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வேண்டுவது இது. நீலகிரியிலும் ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் உள்ள பழைய தேவாலயப் பதிவேடுகளைத் திருச்சபைகளின் இசைவோடு ஒளிப்படம் எடுத்து, ஒரு படியை அந்தந்த மாவட்ட மைய நூலகத்தில் வைக்க ஆவணக் காப்பகத் துறை முன்வர வேண்டும். அவற்றுக்கான பெயர் அடைவு தமிழிலும் இருக்க வேண்டும். காக்பர்ன் என்று தேடினாலும் கோபர்ன் என்று தேடினாலும் ஒரே ஆளிடம் கொண்டுசேர்ப்பதாக அது அமைய வேண்டும். எஸ்டேட்டுகள் கைமாறும்போது செக்ரோல் எனப்படும் பழைய தொழிலாளர் பதிவேடுகளும் குத்தகைத் தாள்களும் எடைக்குப் போடப்படுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நிர்வாகங்கள் அவற்றை அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் ஒப்படைக்கும்படி மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கல்லறைகளைப் படியெடுக்கும் வேலையைப் பள்ளிகளே செய்யலாம். கல்லில் சுண்ணாம்போ அமிலமோ தடவாமல், காலையில் சாய்வாக வெயில் விழும் நேரத்தில் பார்த்தால், தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும் என்பதை அனுபவத்தில் கண்டோம். எழுத்துப் பிழையைத் திருத்தாமல், கல்லில் உள்ளது உள்ளபடியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் மாணவர்களுக்குச் சொன்னால் போதும்.

அப்படி எழுதச் சென்ற ஒரு நாளில், தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிட்ட ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பாடியில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்), வீட்டு முற்றத்தில் துணி துவைக்கப் போட்டிருந்த பளிங்குப் பலகை ஒன்றைக் கண்டோம். எழுத்துள்ள பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தன் மாமனார் கொண்டுவந்து போட்டதாக அந்த வீட்டு அம்மா சொன்னார்கள். புரட்டிப் பார்த்தபோது, இரண்டு வயது நிறைவதற்குள் காய்ச்சலில் இறந்த ஒரு பெண் குழந்தையின் பெயரும், அதற்குக் கீழே பெற்றோரின் பெயர்களும் இருந்தன. படித்துப் பொருள் சொன்னதும் அந்த அம்மா அழுதுவிட்டார்கள். தாமே கழுவித் துடைத்து, எங்கள் கையில் ஒப்படைத்தார்கள். அக்குழந்தையின் பெற்றோருக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்களா, அவர்கள் இங்கே தங்கினார்களா, ஊர் திரும்பினார்களா என்பதை மூலப் பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரே நாளில் கண்டுவிடலாம். அந்தப் பலகை இப்போது எங்கள் பள்ளியின் தாழ்வாரத்தில், எழுத்து வெளியே தெரியும்படி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.